ரொக்கம் எது, கொள்முதல் எது?
கடன் அட்டையும் எதிர்பாராத கட்டணமும்

(ஐதராபாத்தில் பொருளியல் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் மத்திய அரசு அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கடன் அட்டையைப் பற்றிப் பேசுவதற்கு ஐதராபாத் மிகவும் பொருத்தமான நகரம். 1923ஆம் ஆண்டில் டாக்டர் பட்டாபி சீதாராமய்யா மசூலிப்பட்டினத்தில் தோற்றுவித்த ஆந்திரா வங்கி, பிற்காலத்தில் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. 1980இல் நாட்டுடைமையான அவ்வங்கி, அடுத்த ஆண்டிலேயே கடன் அட்டையை வெளியிட்டு, நம் நாட்டில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. ரிசர்வ் வங்கி 1996இல் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப மேம்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் இந்நகரில்தான் உள்ளது. பல வங்கிகளின் தானியங்கிப் பண இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைத்த தேசிய நிதி இணைப்பகத்தை 2004இல் உருவாக்கியது இந்நிறுவனமே. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த அமைப்பு இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பொறுப்புக்கு மாறியது.

அட்டையும் இயந்திரமும் அறிமுகமான அக்காலத்தில் எவருக்கும் ஐயம் எழாத ஒரு வேறுபாடு இருந்தது. கடையில் அட்டையைக் கொடுத்துப் பொருள் வாங்கினால் அது கொள்முதல். இயந்திரத்தில் அட்டையைச் செருகி நோட்டுகளை எடுத்தால் அது ரொக்கம். கொள்முதலுக்கு வட்டியில்லாத் தவணை உண்டு, ரொக்கத்துக்கு இல்லை. இந்த எளிய வேறுபாடு இன்று மங்கிவிட்டது. அதனால் சாதாரணக் குடும்பங்களுக்கு நேரும் செலவையும், அதைத் தவிர்க்கும் வழியையும் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஒரே தொகை, மூன்று பெயர்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் தம் கடன் அட்டையைக் கொண்டு 20,000 ரூபாய் செலுத்துகிறார் எனக் கொள்வோம். பணம் செலுத்திய நாளிலிருந்து 45 நாள் கழித்து, வங்கி குறித்த கெடுவுக்குள், முழுத் தொகையையும் திருப்பிச் செலுத்திவிடுகிறார். அவருக்கு முந்தைய பாக்கியும் எதுவும் இல்லை.

அந்த 20,000 ரூபாய் ஒரு கடையில் பொருள் வாங்கச் செலவிடப்பட்டிருந்தால், அவர் கூடுதலாகச் செலுத்த வேண்டியது எதுவும் இல்லை.

அதே தொகையை அவர் ஒரு மின்னணுப் பணப்பையில், அதாவது பொதுவழக்கில் வாலட் எனப்படுவதில் நிரப்பியிருந்தால், வங்கி அதற்கு 1 சதவிகிதக் கட்டணம் விதிக்கக்கூடும். கட்டணம் 200 ரூபாய். அதன்மீது 18 சதவிகிதச் சரக்கு, சேவை வரி 36 ரூபாய். ஆக 236 ரூபாய்.

அதே தொகை ரொக்க முன்பணம் என வகைப்படுத்தப்பட்டால் கணக்கே வேறு. பல வங்கிகள் ரொக்க முன்பணத்துக்கு 2.5 சதவிகிதம் அல்லது 500 ரூபாய், இவற்றுள் எது அதிகமோ அதனைக் கட்டணமாகக் கொள்கின்றன. இங்கே அது 500 ரூபாய். வரி 90 ரூபாய். இதற்கு மேல், பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். மாத வட்டி 3.5 சதவிகிதம் எனக் கொண்டால் 45 நாளுக்கு ஏறத்தாழ 1,036 ரூபாய். கடன் அட்டை வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. எனவே அதன்மீதும் 186 ரூபாய் வரி. ஆகமொத்தம் 1,812 ரூபாய். இது எடுத்த தொகையில் 9 சதவிகிதம்.

சிறு தொகைகளில் இச்சுமை இன்னும் கடுமையாகிறது. 2,000 ரூபாய் ரொக்க முன்பணத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் 500 ரூபாயே. வரியையும் சேர்த்தால் 590 ரூபாய். வட்டியைக் கணக்கில் கொள்ளாமலேயே, தொகையில் 29.5 சதவிகிதம் போய்விடுகிறது. அவசரத் தேவைக்காகச் சிறு தொகை எடுப்பவரே விகிதாசாரத்தில் மிக அதிகமாகச் செலுத்துகிறார்.

மூன்று நிலைகளிலும் அவர் செய்தது ஒரே செயல். அட்டை எண்ணைப் பதிந்தார், கடவுச்சொல்லை இட்டார், பணம் சென்றது. கையில் நோட்டு எதுவும் வரவில்லை. மாறியதெல்லாம் அப்பரிவர்த்தனைக்கு வேறொருவர் சூட்டிய பெயர் மட்டுமே.

பெயர் சூட்டுபவர் யார்?

அட்டைப் பரிவர்த்தனை ஒவ்வொன்றிலும் பலர் பங்கு கொள்கின்றனர். அட்டைதாரர், அட்டையை வழங்கிய வங்கி, வணிகர், வணிகருக்காகப் பணத்தைப் பெற்றுத்தரும் வங்கி, இவ்விரு வங்கிகளையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு. வணிகர் ஒவ்வொருவருக்கும் அவர் செய்யும் தொழிலைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. அதனை வணிக வகைக் குறியீடு எனலாம். வலையமைப்பின் விதிகளுக்கு உட்பட்டு இதனை நிர்ணயிப்பது வணிகரின் வங்கி. தானியங்கி இயந்திரத்தில் பணம் எடுப்பதற்கு 6011, பணம் அனுப்பும் சேவைக்கு 4829, பணப்பை நிரப்புவதற்கு 6540, ரொக்கத்துக்கு நிகரானவற்றுக்கு 6051, வீட்டு வாடகைக்கு 6513 எனக் குறியீடுகள் உள்ளன.

அட்டையை வழங்கிய வங்கி இந்த எண்ணைப் பார்த்தே, கட்டணம் உண்டா, வட்டி உண்டா, பரிசுப் புள்ளி உண்டா என்பதை முடிவு செய்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பணம் செலுத்துபவர் ஒருவருக்குத்தான் இந்த எண் தெரியாது என்பது. கடைக்காரரின் பலகையிலோ கைபேசித் திரையிலோ அது காணப்படுவதில்லை.

இக்குறியீடு மாறும்போது என்ன நிகழும் என்பதை 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மக்கள் கண்டனர். காயின்பேஸ் என்ற நிறுவனத்தின் வழியாக எண்மச் செலாவணி வாங்குவோர் அதுவரை அதனைச் சாதாரணக் கொள்முதலாகவே செய்து வந்தனர். வலையமைப்புகள் அத்தகைய வணிகத்துக்கான குறியீட்டை மாற்றின. வங்கிகள் அதனை ரொக்க முன்பணமாகக் கருதிக் கட்டணமும் வட்டியும் விதிக்க அது வழி திறந்தது. வாங்குவோர் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தனர்; கட்டணப் பட்டியல் வந்தபோதுதான் பெயர் மாறியதை அறிந்தனர். தனிநபர்களுக்குப் பணம் அனுப்பும் சேவைகளோடு கடன் அட்டையை இணைத்த பலருக்கும் அந்நாட்டில் இதே அனுபவம் நேர்ந்தது.

வங்கியின் தரப்பு

மாணவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவுக்கு வரலாகாது. வங்கிகளின் வாதத்திலும் பொருளியல் நியாயம் உண்டு.

கடன் அட்டையின் வட்டியில்லாத் தவணை உண்மையில் இலவசமன்று. அதன் செலவின் ஒரு பகுதியை வணிகர் தம் விற்பனையிலிருந்து தரும் கட்டணம் ஈடுசெய்கிறது. வணிகர் அதனைத் தருவதற்குக் காரணம், அட்டையால் அவருக்கு விற்பனை பெருகுகிறது என்பதே. பணப்பையை நிரப்பும்போது விற்பனை எதுவும் நிகழ்வதில்லை. பணப்பை நிறுவனம் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு ஈடான வருவாய் அதற்கு இல்லை.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூரலாம். உயர்மதிப்பு நோட்டுகள் 2016 நவம்பரில் செல்லாதவையாக அறிவிக்கப்பட்ட பின், மின்னணுப் பணப்பைகளின் பயன் பெருகியிருந்த காலம் அது. கடன் அட்டையால் பணப்பையை நிரப்புவோருக்கு 2 சதவிகிதக் கட்டணம் விதிக்கப்படும் என்று பேடிஎம் நிறுவனம் அறிவித்தது. சிலர் அட்டையிலிருந்து பணப்பைக்கும், பணப்பையிலிருந்து தம் வங்கிக் கணக்குக்கும் செலவின்றிப் பணத்தை மாற்றி, வட்டியில்லாக் கடனையும் பரிசுப் புள்ளிகளையும் ஒருங்கே பெறுகின்றனர் என்பது அந்நிறுவனம் கூறிய காரணம். எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே அக்கட்டணம் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அது சுட்டிய சிக்கல் மறையவில்லை.

வீட்டு வாடகையிலும் இதே கதைதான். ஐசிஐசிஐ வங்கி 2022 அக்டோபர் 20 முதல் வாடகைப் பரிவர்த்தனைகளுக்கு 1 சதவிகிதக் கட்டணம் விதித்தது. அடுத்த மாதத்தில் எஸ்பிஐ கார்டு நிறுவனம் 99 ரூபாய் விதித்து, 2023 மார்ச்சில் அதனை 199 ரூபாயாக உயர்த்தியது. எச்டிஎஃப்சி வங்கி 2024 ஆகஸ்டு முதல் வாடகைக்கும், 2025 ஜூலை முதல் மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பணப்பை நிரப்பலுக்கும் 1 சதவிகிதக் கட்டணத்தை, உச்சவரம்புக்கு உட்பட்டு, நடைமுறைக்குக் கொணர்ந்தது. இறுதியில், பணம் திரட்டித் தரும் நிறுவனங்கள் தம்மோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வணிகருக்கு மட்டுமே பணம் பெற்றுத் தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளை அடுத்து, முன்னணிச் செயலிகள் கடன் அட்டை வழி வாடகைச் சேவையையே நிறுத்தின.

கட்டணம் இருப்பது தவறு என்று நான் கூறவில்லை. ரொக்கமாகப் பயன்படும் கடனுக்கு ஒரு விலை இருப்பது இயல்பு. அந்த விலை எப்போது, யாரால், யாருக்குத் தெரிவிக்கப்படுகிறது என்பதே கேள்வி.

இலவசம் என்ற எண்ணம்

நம் நாட்டில் இக்கேள்விக்குத் தனிச் சிறப்பு உண்டு. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ வழியும், ரூபே பற்று அட்டை வழியும் செய்யப்படும் பரிவர்த்தனைகளுக்கு வணிகரிடம் கட்டணம் பெறக்கூடாது என்பது நடைமுறை. தேநீர்க் கடை முதல் துணிக்கடை வரை, குறியீட்டுப் படத்தைக் கைபேசியில் பிடித்துப் பணம் செலுத்துவது செலவற்ற செயல் என்ற நம்பிக்கை மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது.

2022 ஜூன் மாதம், ரூபே கடன் அட்டைகளை யுபிஐயுடன் இணைக்க ரிசர்வ் வங்கி இசைவளித்தது. செப்டம்பரில் அச்சேவை தொடங்கியபோது பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவற்றுடன் யூனியன் வங்கியும் முதலில் இடம்பெற்றது. 2020 ஏப்ரலில் ஆந்திரா வங்கி இணைந்தது இந்த யூனியன் வங்கியோடுதான். முன்பு சேமிப்புக் கணக்கு மட்டும் இருந்த அதே திரையில் இப்போது கடனும் இடம்பெற்றுள்ளது. ஒரே படம், ஒரே இரகசிய எண். ஆனால் ஒன்றில் தம் பணம் செல்கிறது, மற்றொன்றில் வங்கியின் பணம் செல்கிறது.

தனிநபருக்குப் பணம் அனுப்பவும், வணிகரிடம் ரொக்கம் பெறவும் இந்த இணைப்பைப் பயன்படுத்த முடியாது என்று தொடக்கத்திலேயே பணப்பட்டுவாடாக் கழகம் வரையறுத்தது பாராட்டத்தக்கது. ரொக்க முன்பணம் என்ற சிக்கலின் வாயிலை அது பெருமளவு அடைத்துவிட்டது. பின்னால் கட்டணம் வாங்குவதை விட முன்னாலேயே வழியை மூடுவது நேர்மையான முறை. ஆனால் பணப்பைகள், இடைநிலைச் செயலிகள் ஆகியவற்றோடு அட்டையை இணைக்கும்போது இத்தகைய தெளிவு இல்லை.

கல்விக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 1 முதல் எஸ்பிஐ கார்டு நிறுவனம் நடைமுறைப்படுத்திய விதியின்படி, இடைநிலைச் செயலியின் வழியாகக் கல்விக் கட்டணம் செலுத்தினால் 1 சதவிகிதம் கூடுதல். பள்ளி அல்லது கல்லூரியின் சொந்த இணையதளத்திலோ, அங்குள்ள அட்டை இயந்திரத்திலோ செலுத்தினால் கூடுதல் இல்லை. 80,000 ரூபாய் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு இதன் பொருள், வரியுடன் 944 ரூபாய். சேர வேண்டிய இடம் ஒன்றே. சென்ற வழியால் விலை மாறுகிறது. செயலி தன் கட்டணத்தை மட்டும் திரையில் காட்டுகிறது. வங்கியின் கட்டணம் மாதப் பட்டியலில்தான் தெரிய வருகிறது. இந்த இடைவெளியில்தான் எதிர்பாராத கட்டணம் பிறக்கிறது.

விதிகள் எவ்வளவு தூரம் காக்கின்றன?

ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகள் முக்கியமான பாதுகாப்புகளை அளித்தன. அட்டை வழங்கும்போது வெளிப்படையாகத் தெரிவிக்காத, வாடிக்கையாளரின் இசைவு பெறாத கட்டணத்தை விதிக்கலாகாது. கட்டணத்தை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். அம்மாற்றம் பிற்காலத்துக்கு மட்டுமே பொருந்தும். மாற்றத்தை விரும்பாதவர் அதற்கெனக் கூடுதல் கட்டணமின்றி அட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம். 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், வங்கியிடம் முறையிட்டு 30 நாளில் பதில் பெறாதவரும், பதிலில் நிறைவு பெறாதவரும் செலவின்றி முறையிட வழி செய்தது.

ஆயினும் வட்டிக்கு உச்சவரம்பு என ஒன்று இல்லை. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அத்தீர்ப்பை நீக்கியது. விலைக்கு வரம்பு இல்லாத சந்தையில், விலையை முன்கூட்டித் தெரிவிப்பது ஒன்றே வாடிக்கையாளரின் காவல். ஆகவே தெரிவிக்கும் முறை எவ்வளவு தெளிவானதோ, அவ்வளவே அக்காவலும் வலிமையுடையது.

இங்கேதான் குறை இருக்கிறது. கட்டண அட்டவணை ஆண்டுக்கணக்கில் பழையதாகிவிட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. செலவு நிகழ்வதோ ஒரு நொடியில். ரொக்க முன்பணத்துக்குக் கட்டணம் உண்டு என்பதை ஒப்பந்தம் கூறுகிறது. இப்போது செய்யப்போகும் இந்தப் பரிவர்த்தனை ரொக்க முன்பணமா என்பதை ஒப்பந்தத்தால் கூற முடியாது. விதியை அறிந்தவருக்கும் தம் செயல் எந்த விதிக்குள் வருகிறது என்பது தெரியாதபோது, அவர் அளித்த இசைவு முழுமையான இசைவு ஆகாது.

செய்யக்கூடியது என்ன?

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. 2009 ஆகஸ்டு முதல் நம் நாட்டில் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குப் பொதுவாகக் கூடுதல் உறுதிப்படுத்தல் கட்டாயம். அட்டையை வழங்கிய வங்கியே கைபேசிக்குக் கடவுச்சொல்லை அனுப்புகிறது. அச்செய்தியில் வணிகர் பெயரும் தொகையும் உள்ளன. வணிக வகைக் குறியீடும் அந்நேரத்தில் வங்கிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. எனவே அதே செய்தியில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: இது ரொக்க முன்பணமாகக் கருதப்படும், கட்டணம் இவ்வளவு, வட்டி இன்று முதல் தொடங்கும். கடவுச்சொல்லை இடுவதா வேண்டாமா என்பதை அதன்பின் அட்டைதாரர் முடிவு செய்யட்டும்.

இது இயலாத காரியம் என்று கூறுவதற்கில்லை. பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. தொடர் செலுத்தங்களுக்குப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிக்கும் முறை 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பெயரைக் காட்ட முடிந்த அமைப்பால் விலையையும் காட்ட முடியும். மாதக் கட்டணம் குறிப்பிட்ட தொகைக்கு மேல்தான் தொடங்கும் என்பது போன்ற நிபந்தனைகள் கணக்கைச் சற்றுச் சிக்கலாக்கும். அப்போதும், கட்டணம் விதிக்கப்படலாம் என்ற எச்சரிக்கையையாவது தரலாம்.

இங்குள்ள அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின் கட்டணம், தேர்வுக் கட்டணம், சொத்து வரி ஆகியவற்றை இணையவழி பெறும் அலுவலகங்களின் பக்கங்களை வடிவமைக்கும் பொறுப்பு உங்களுள் பலருக்கு வரும். எந்த வழியில் செலுத்தினால் எவ்வளவு கூடும் என்பதைப் பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலே, தாய்மொழியில், ரூபாய்க் கணக்கில் எழுதி வையுங்கள். சதவிகிதத்தை விட ரூபாய் எவருக்கும் எளிதில் விளங்கும்.

மாணவர்கள் செய்யக்கூடிய நல்ல ஆய்வு ஒன்றும் உண்டு. ஐதராபாத்திலோ செகந்திராபாத்திலோ ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அங்குள்ள குடும்பங்களின் இசைவோடு ஆறு மாதக் கடன் அட்டைப் பட்டியல்களைப் பாருங்கள். எந்தக் கட்டணம் தெரிந்தே செலுத்தப்பட்டது, எது பட்டியலைப் பார்த்தபின் தெரிந்தது எனப் பிரித்துக் கணக்கிடுங்கள். கொள்கை வகுப்போருக்கு அத்தகைய கணக்கு மிகப் பயன்படும்.

அட்டை வைத்திருப்பவர் அனைவருக்கும் ஒரு சொல். புதிய பணப்பையிலோ செயலியிலோ கடன் அட்டையை இணைக்குமுன், வங்கியின் கட்டண அட்டவணையில் ரொக்க முன்பணம், பணப்பை நிரப்பல், வாடகை, கல்வி என்ற நான்கு தலைப்புகளைத் தேடிப் படியுங்கள். ஐயம் இருந்தால் வங்கிக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பாதுகாத்து வையுங்கள். ரொக்கம் எடுக்கும் வரம்பைக் குறைத்துவைக்க உங்கள் வங்கி வசதி அளித்தால் அதனைப் பயன்படுத்துங்கள். எதிர்பாராத கட்டணம் வந்துவிட்டால், அத்தொகையைத் தாமதியாமல் செலுத்தி வட்டி வளர்வதைத் தடுத்து, அதே நாளில் எழுத்து மூலம் முறையிடுங்கள். கட்டணத்தைச் செலுத்தியதால் முறையிடும் உரிமை போய்விடாது.